பட்டியலில் இல்லாத ஆறு சுற்றுகள்

சரிபார்க்க இயன்றவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். எழுத்தொழுக்கம் பற்றிய பெருமையால் எடுத்த முடிவன்று இது. கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த ஒரு குத்துச்சண்டை வீரரின் போட்டிப் பட்டியலை ஒருமுறை நான் தொகுத்தேன். சான்றில்லாத எதையும் சேர்ப்பதில்லை என்ற விதியைக் காட்டி, அவர் தம் வாழ்நாளில் மிகவும் விரும்பிய ஒரு வரியை மறுத்தேன். இன்று அவரைப் பற்றி எழுத உட்காரும்போது, அவருக்கு மறுத்த சலுகையை எனக்கு நானே வழங்கிக்கொள்வது முறையாகாது. ஆகவே நேரில் கண்டதையும், காதால் கேட்டதையும், என் கைக்கு வந்த தாள்களில் இருந்ததையும் மட்டும் சொல்கிறேன். எவருடைய பெயரையும் எழுதவில்லை. அந்த மனிதரின் வாழ்வில் ஒரு பெயர் என்ன செய்தது என்பதைப் படிப்பவர் போகப்போக அறிவர்.

அப்போது நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடிவீடு ஒன்றில் குடியிருந்தேன். தமிழ்ப் படிகளைப் பிழை திருத்திக் கொடுப்பதே எஞ்சிய தொழில். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றைச் சேர்ந்த குத்துச்சண்டைக் கழகம் தன் பொன்விழாவுக்கு மலர் வெளியிடத் தீர்மானித்தது. கழகத்தின் செயலாளர் என்னிடம் படித்தவர். மழை நாளொன்றில் குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சேர், மலருக்கு ஆள் பிடிச்சாச்சு, அச்சகம் பிடிச்சாச்சு. ரெக்கோட் மட்டும்தான் இல்லை. எல்லாம் பழைய செயலாளர் வீட்டில இருந்தது."

பழைய செயலாளரின் வீடு என் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கைகள் தள்ளி இருந்தது. ஆடிக் கலவரத்தில் அது எரிந்ததை என் மாடியிலிருந்து நானே பார்த்தேன். போட்டிக் குறிப்பேடுகள், எடை பார்த்த சீட்டுகள், நடுவர்கள் புள்ளியிட்ட தாள்கள் யாவும் அந்த வீட்டின் முன்னறை அலுமாரியில் இருந்தன.

ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு தாள் வேண்டும்: பத்திரிகைத் துணுக்கோ சான்றிதழோ. தாள் இல்லையேல் நேரில் பார்த்த இருவரின் வாக்கு வேண்டும். செயலாளர் தலையாட்டினார். "நீங்க சொன்னா சரி சேர். ஆனா ஒருத்தர் இருக்கிறார். அவரோட மட்டும் கொஞ்சம் பார்த்துக் கதையுங்க."

அந்த ஒருவரைத்தான் சொல்கிறேன். துறைமுகத்தில் பாரந்தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வுபெற்றவர். கழகத்தில் நாட்டின் சம்பியன் பட்டம் வென்றவர்களுள் அன்று உயிரோடு இருந்தவர் அவர் மட்டுமே. தோட்டம் என்று வழங்கும் நெருக்கமான வரிசை வீட்டுக் குடியிருப்பு ஒன்றில், பொதுக் குழாயிலிருந்து நான்காவது கதவு அவருடையது. முன்னறைச் சுவரில் திருஇருதயப் படம் இருந்தது. அதற்கு நேர்கீழே, ஏதோவொரு சஞ்சிகையிலிருந்து வெட்டிச் சட்டமிட்ட ஒரு குத்துச்சண்டை வீரரின் படம். இடக்கையை முன்னீட்டி, தாடையைத் தோளுக்குள் ஒளித்து நிற்கும் ஒரு வெள்ளைக்காரர். பிற்காலத்தில் உலக சம்பியனாகிச் சில ஆண்டுகள் அப்பட்டத்தைக் காத்து ஓய்ந்தவர். எந்த நாட்டவர், எந்த எடைப் பிரிவு என்பவற்றை இங்கு சொல்லவில்லை.

வீட்டுக்காரரின் மூக்கு நடுவில் அமிழ்ந்திருந்தது. வலக்கை விரல்கள், அவர் கவனியாதபோது, மேசையை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தன. சொற்கள் வாயிலிருந்து சற்றுத் தாமதித்து வெளிவந்தன. அவருடைய மகள், கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்பவள், மணமாகாதவள், நாற்பதைத் தாண்டியவள், ஒரு பாடசாலைக் கொப்பியைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். அவர் சொல்லச்சொல்ல அவள் எழுதியது.

இருபத்தேழு போட்டிகள். ஒவ்வொன்றுக்கும் எதிராளி, இடம், சுற்றுகள், முடிவு. எட்டில் தோற்றிருந்தார். அவற்றுள் மூன்று, முழுச் சுற்றும் ஆட முடியாமல் விழுந்த தோல்விகள்.

"தோத்ததையும் போடத்தான் வேணுமா அப்பா?" என்று மகள் என் முன்னிலையிலேயே கேட்டாள்.

"போடத்தான் வேணும். தோத்ததை மறைச்சா வெண்டதை யார் நம்புவான்? கேளுங்க மாஸ்டர், படிச்ச பிள்ளை கேட்கிற கேள்வியை."

சுவடிக்கூடத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டியபடி ஏழு வாரங்கள் கழித்தேன். கொப்பியில் இருந்தவற்றுள் இருபத்தாறு போட்டிகள் அச்சில் கிடைத்தன. அவர் சொன்ன முடிவுக்கும் பத்திரிகை சொன்ன முடிவுக்கும் ஓரிடத்திலேனும் முரண் இல்லை. தாம் நான்காம் சுற்றில் விழுந்ததாகச் சொன்ன ஒரு போட்டியில் மட்டும், பத்திரிகை ஐந்தாம் சுற்று என்றது. தம் பெருமையைக் குறைக்கும் பக்கமே அவர் பிழைத்திருந்தார். அத்தகைய சாட்சியை என் அனுபவத்தில் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

எஞ்சிய ஒன்று, கொப்பியில் பதினான்காம் வரி. எதிராளி, சுவரில் தொங்கிய படத்துக்குரியவர். இடம், துறைமுகத்தை அடுத்த ஒரு மண்டபம். சுற்றுகள் ஆறு. முடிவு, சமநிலை.

அவர் சொன்னதன்படி, அந்த வெள்ளைக்காரர் அப்போது சம்பியன் அல்லர். பேர் எடுக்கத் தொடங்கியிருந்த இளைஞர். தெற்கே ஒரு துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் வழியில் அவருடைய கப்பல் கொழும்பில் சில நாள் தங்கியது. கப்பற்காரருக்காக அவ்வப்போது நடக்கும் குத்துச்சண்டை மாலை ஒன்றில் அவரை மேடையேற்ற ஒழுங்கு செய்தார்கள். எதிரே நிற்க ஒருவர் வேண்டியிருந்தது. தாம் நின்றதாக இவர் சொன்னார்.

இந்தக் கதை அயலில் எவ்வாறு வாழ்ந்தது என்பதையும் நான் பார்த்தேன். ஒருநாள் சவரம் செய்யும் கடைக்கு என்னையும் அழைத்துச் சென்றார். உள்ளே நாலைந்து பேர் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாறார், வாறார். கதிரையைக் குடுங்கப்பா. உலக சம்பியன்ட மூக்கை உடைச்ச கை."

"மூக்கை உடைக்கல்ல. டிரோ."

"டிரோவா? போன கிழமை வெண்டதெண்டு சொன்னீங்க அங்கிள்."

"போன கிழமையும் டிரோ. வாற கிழமையும் டிரோதான்."

"சரி, அவர் வந்த கப்பல் பேர் என்ன?"

"நான் கப்பலோட சண்டை பிடிக்கல்ல."

கடை சிரித்தது. சவரக்காரர் மட்டும் சிரிக்காமல் அவருடைய கழுத்தில் துணியைக் கட்டினார். கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தார். வெளியே வந்து நடக்கையில்தான் பேசினார்.

"இவங்கள் சிரிக்கிறது எனக்குப் பெரிய காரியமில்லை மாஸ்டர். நாப்பது வருசமாச் சிரிக்கிறாங்கள். ஆனா இப்ப எனக்கு மறக்குது. காலையில எழும்பி மனிசியைக் கூப்பிடுறன். அவ செத்துப் பதினொரு வருசம். டொக்டர் சொல்லிட்டார், வாங்கின அடியெல்லாம் இப்பதான் கணக்குக் கேட்குதாம். எல்லாம் போகப்போகுது. அந்த ஆறு ரவுண்டும் போயிரும். பேப்பரில இருந்தா மகள் வாசிச்சுக் காட்டுவா. எனக்கே நான் சொல்லாட்டி, பேப்பர் சொல்லும்."

அந்த வரியால் அவர் எதிர்பார்த்தது இவ்வளவே. அதை நான் அன்றே தெளிவாக அறிந்திருந்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றின் வாசிகசாலையில் குத்துச்சண்டை ஆண்டு நூல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் அந்த உலக சம்பியனின் போட்டிப் பட்டியல் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தது. நிழற்பிரதிப் பொறி பழுதாயிருந்ததால் கையால் படியெடுத்தேன். சிறு எழுத்தில் ஒன்றரைப் பக்கம். ஒரு மனிதன் பதின்வயதில் தொடங்கி முப்பத்தைந்தில் ஓயும்வரை வாங்கிய அடியும் கொடுத்த அடியும் வெற்றி, தோல்வி, சமநிலை என மூன்றே குறிகளாகச் சுருங்கிக் கிடந்தன. கொழும்பு என்ற சொல் அதில் இல்லை. ஆயினும் தெற்குத் துறைமுகம் ஒன்றில் அவர் வென்ற ஒரு போட்டிக்கும், ஐரோப்பாவில் அடுத்ததாக ஆடிய போட்டிக்கும் இடையே ஏழு வாரங்கள் வெறுமையாக இருந்தன. இவர் சொன்ன காலமும் அதுவே. வெறுமை எதையும் மறுப்பதில்லை, நிறுவுவதும் இல்லை.

அதை வீரரிடம் சொன்னபோது அவர் மகளைப் பார்த்தார். அவள் உள்ளே சென்று, ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தின் நடுவிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்துவந்தாள். மஞ்சளித்த துண்டுப்பிரசுரம். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. கப்பற்காரர் மாலை, மண்டபம், நுழைவு விவரம், கீழே தடித்த எழுத்தில் அந்த வெள்ளைக்காரரின் பெயர். எதிரே, வேறொரு பெயர். இவருடைய பெயரன்று.

"இது யார்?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றார். பிறகு, "நாங்கதான்," என்று திருத்திக்கொண்டார்.

அப்போதுதான் அந்த ஏற்பாட்டை அறிந்தேன். கழகத்து வீரர்கள் எல்லோரும் ஊதியம் பெறாமல் ஆடுபவர்கள். அவ்வாறு ஆடினால் மட்டுமே நாட்டின் பட்டத்துக்குப் போட்டியிடலாம். கப்பற்காரர் மாலைகளிலோ ஆடுபவருக்குக் கையில் ஏதாவது கொடுப்பார்கள். வாங்கியது தெரிந்தால் பதக்கம் பறிபோகும்; வாழ்நாள் தடையும் வரும். ஆகவே கழகத்தில் ஒரு பொதுப்பெயர் வைத்திருந்தார்கள். மேடையேறுபவர் எவராயினும் பிரசுரத்தில் அந்தப் பெயரே அச்சாகும். மூன்று பேர் அந்தப் பெயரில் ஆடினார்கள். மூவரும் ஒரே எடை, ஏறத்தாழ ஒரே உயரம். பத்திரிகைக்காரர் எவரையும் உள்ளே விடுவதில்லை. அந்தப் பெயரில் எந்த நாள் யார் ஆடினார் என்பதை வெளியே சொல்வதில்லை என்று புனிதரின் சுரூபத்தின் முன் சத்தியம் செய்திருந்தார்கள். மறைப்பதற்கென்றே திட்டமிட்டுச் செய்த ஒன்றை, மறைத்தவர்களுள் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நிறுவச் சொல்லி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மற்ற இருவரும்?"

"ஒருத்தன் லண்டன் போய் அங்க செத்தான். மற்றவன் ஹாபரில பார்ஜில இருந்து விழுந்தான். நான்தான் மிச்சம். சத்தியத்தை நான் முறிக்கிறன் மாஸ்டர், பாவம் எனக்கு வரட்டும்."

"பட்டம் வாங்கியது அதற்குப் பிறகுதானே? இந்த வரி அச்சில் வந்தால் அந்தப் பட்டம் செல்லாது என்று எவரும் சொல்லலாம்."

அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு தகரப்பெட்டி திறந்து மூடும் ஓசை கேட்டது. திரும்பி வந்து, நீல நாடாவோடு கூடிய பதக்கத்தை என் கொப்பியின் மேல் வைத்தார்.

"இதை வேணுமெண்டா எடுத்துக்கொண்டு போகட்டும். அதைப் போடுங்க."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பதக்கத்தை எடுத்து மேசையின் மறுபுறம் வைத்தேன். நேரில் பார்த்த வேறொருவர் இருக்கிறாரா என்று கேட்டேன். நேரக் காப்பாளர் ஒருவர் இருந்தார் என்றும், அவர் மாளிகாவத்தைத் தொடர்மாடியில் வாழ்கிறார் என்றும் சொன்னார்.

அடுத்த கிழமை அங்கே சென்றேன். வழியில் சோதனைச் சாவடியில் பேருந்திலிருந்து இறக்கினார்கள். என் உறையைப் பிரித்த இளஞ்சிப்பாய் அதனுள் இருந்த பழைய நிழற்படங்களைப் புரட்டி, "மொகத மே?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான். "பொக்சிங், சேர்," என்றேன். அவன் துப்பாக்கியைத் தோளில் சரித்துவிட்டு, இரு முட்டிகளையும் ஒரு கணம் முகத்தருகே உயர்த்திக் காட்டிச் சிரித்தான். பிறகு அடையாள அட்டையை இருமுறை பார்த்துத் திருப்பித் தந்தான்.

நேரக் காப்பாளர் மூன்றாம் மாடியில் மகனோடு இருந்தார். வெண்தாடி, தொப்பி, கதிரையின் கைப்பிடியில் ஓடாத ஒரு நிறுத்துக் கடிகாரம் தொங்கியது. வந்த காரணத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"இரிங்க மாஸ்டர், தேத்தண்ணி வருது. நான்தான் மணி அடிச்ச. எந்த நாள் யார் மேடையில நிண்ட எண்டு எனக்குத் தெரியும். ஆனா சத்தியம் ஒண்டு ஈக்கி."

"அது கோயிலில் செய்த சத்தியம்தானே நானா?"

"அவங்க சுரூபத்துக்கு முன்னால கைய வெச்ச. நான் வெளியால படியில நிண்டு அல்லாஹ்வக் கொண்டு சென்ன. ரெண்டும் போய்ச் சேர்ற இடம் ஒண்டுதான்." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அந்த மூணு பேர்ல ஒருத்தராவது உசிரோட ஈக்கிற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது. அதுதான் பேச்சு. ஒருத்தன்ட பேரச் சென்னா மத்தவனையும் சந்தேகப்படுவாங்க."

"இப்போது உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். அவரே சொல்லச் சொல்கிறார்."

"அவர்ட சத்தியத்த அவர் முறிக்க ஏலும். என்டத நான்தான் வெச்சிருக்கணும். அவர் எனக்கு வேணாத ஆளா? நோன்புப் பெருநாளைக்கு வருசா வருசம் வாறவர். ஆனா இதுல நான் செல்ல மாட்டேன். ஒண்டு மட்டும் எழுதிக்கொள்ளுங்க. அந்தச் சண்டை நடந்த. ஆறு ரவுண்டும் நடந்த. டிரோ. எங்கட பக்கத்துல நிண்டவன் நல்லா ஆடின."

"நின்றவர் அவரா?"

அவர் தேத்தண்ணிக்காக உள்ளே குரல் கொடுத்தார். தேநீர் வந்தது. குடித்துவிட்டுப் புறப்பட்டேன்.

படியிறங்கும்போது ஏற்பாட்டின் கொடுமை எனக்குப் புலப்பட்டது. சாட்சி வாய் திறக்க வேண்டுமானால், சாட்சியம் வேண்டி நிற்பவர் முதலில் இறக்க வேண்டும்.

இன்னும் ஒரு வாயில் இருந்தது. ஆண்டு நூலின் பதிப்பகத்துக்கு எழுதி, உலக சம்பியனிடமே இதைக் கேட்டுச் சொல்லுமாறு வேண்டினேன். மூன்று மாதம் கழித்து மறுமொழி வந்தது. பதிப்பகத்திடமிருந்தன்று, அவருடைய மனைவியிடமிருந்து. சாய்ந்த கையெழுத்தில் நாலு வரி. கணவர் நலமாக இல்லை, கொழும்பை அவருக்கு நினைவில்லை, இப்போது பலவும் நினைவில்லை, என் நண்பருக்குத் தம் அன்பைச் சொல்லவும் என்று எழுதியிருந்தார். கடிதத்தை நானே கொண்டுபோய் வாசித்து, பொருளைச் சொன்னேன். அவர் சுவரிலிருந்த படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"பாவம்," என்றார். "நல்ல இடக்கை அவனுக்கு."

செயலாளர் சமாதான வழியொன்றைக் கொண்டுவந்தார். "சேர், 'அவர் கூற்றுப்படி' எண்டு போட்டு அந்த வரியையும் போட்டுவிடுவோம். ஒருத்தருக்கும் நட்டமில்லை." நான் தயக்கத்தோடு இசைந்தேன். இசையாதவர் வீரரே.

"அவர் கூற்றுப்படி எண்டு மற்ற இருபத்தாறுக்கும் போடுவீங்களா?"

"இல்லை."

"அப்ப இதுக்கு மட்டும் போட்டா, பொய்யெண்டு போட்ட மாதிரி. போடுறதெண்டா போடுங்க. இல்லாட்டி விடுங்க."

அவ்வாரங்களில் நான் அவரிடம் அந்த ஆறு சுற்றுகளையும் பலமுறை கேட்டேன். கேட்டவற்றைக் குறித்துவைத்தேன். முதன்முறை, தாம் இரண்டாம் சுற்றில் ஒருமுறை முழங்கால் ஊன்றியதாகச் சொன்னார். அடுத்தமுறை அது மூன்றாம் சுற்று. பிறிதொருமுறை முழங்கால் ஊன்றியவர் வெள்ளைக்காரர். வேறொரு நாள், மேடையின் மூலையில் நின்று தாம் தண்ணீர் கொடுத்ததாகச் சொல்லிவிட்டு உடனே நிறுத்தி, "இல்லை, எனக்குத் தண்ணி குடுத்தாங்கள்," என்றார். மகள் என் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதையும் குறித்தேன். நோய் நினைவைக் குலைத்ததா, நினைவு முதலிலிருந்தே வேறொருவருடையதா என்று பிரித்தறிய எனக்கு வழியில்லை. அச்சுக்குப் போகும் முந்திய நாள் பதினான்காம் வரியை நீக்கினேன். இருபத்தாறு போட்டிகள் என்று தலைப்பிட்டேன்.

மலர் வெளிவந்ததும் அவருடைய படியை நானே கொண்டுசென்றேன். அனுப்பியிருக்கலாம். நேரில் கொடுப்பதே மரியாதை என்று கருதினேன். அவர் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை அணிந்து காத்திருந்தார். கண்பார்வை அதற்குள் மங்கியிருந்தது. அட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார்.

"வாசி மகள்."

அவள் வாசித்தாள். திகதி, எதிராளி, முடிவு. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு விரலை மடக்கினார். பத்து முடிந்ததும் விரல்களை விரித்துத் திரும்பவும் தொடங்கினார். பதின்மூன்றாவது, இராணுவ வீரர் ஒருவரிடம் தோற்ற போட்டி. அதை வாசித்ததும் அவர் தலையை நிமிர்த்தினார். விரல் பாதி மடங்கியபடி நின்றது. அவள் நிறுத்தினாள். தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

அச்செழுத்தைப் பார்க்க அவர் கண்ணால் இயலாது. தாளில் இல்லாத ஒரு வரியை அவள் வாசித்திருந்தால் அறையில் அதை அறியக்கூடியவன் நான் ஒருவன் மட்டுமே. அவள் என்னிடம் கேட்டது அதையே. நான் வெளியே எழுந்து போயிருக்கலாம். குழாயடியில் நின்று கையைக் கழுவியிருக்கலாம். நான் அசையவில்லை.

அவள் அடுத்த வரியை வாசித்தாள்.

"ஒண்டை விட்டிட்டாய்," என்றார்.

"இல்லையப்பா."

"விட்டிட்டாய். முதல்ல இருந்து வாசி."

அவள் முதலிலிருந்து வாசித்தாள். அந்த இடம் வந்தபோது இம்முறை நிற்காமல் கடந்தாள். அவர் மடக்கிய விரலை மெல்ல விரித்துக் கையை மடியில் வைத்தார். மீதியை விரல் விட்டு எண்ணவில்லை. அவள் வாசித்து முடித்து மலரை மூடினாள்.

"சரி," என்றார். "மாஸ்டருக்குத் தேத்தண்ணி குடு."

அதன் பின் இருமுறை போனேன். முதன்முறை என்னை அடையாளம் கண்டு, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இரண்டாம் முறை, துறைமுக மேற்பார்வையாளர் என்று எண்ணி, அடுத்த வாரத்திலிருந்து வேலைக்கு வருவதாகச் சொன்னார். சுவரில் இருந்த படம் யார் என்று நான் கேட்கவில்லை. அவ்வாண்டு மழை ஓய்வதற்குள் இறந்தார்.

செத்தவீட்டில் பெட்டி முன்னறையில் இருந்தது. பதக்கம் சட்டையில் குத்தியிருந்தது. சவரக்கடையில் சிரித்தவர்கள் வாசலில் வாங்குகளில் அமர்ந்திருந்தார்கள். எவரும் கப்பலின் பெயரைக் கேட்கவில்லை. முற்பகல் நேரக் காப்பாளர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெட்டியருகே நின்று முகத்தைப் பார்த்தார். பிறகு மகளின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மகள், அண்டைக்கு மேடையில நிண்ட உங்கட வாப்பாதான்."

அவள் அதுவரை அழவில்லை, அப்போது அழுதாள். வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் மாளிகாவத்தைக்குச் சென்றேன். திருத்தப் பக்கம் ஒன்று அச்சிடச் செயலாளர் இணங்கியிருந்தார். நேரக் காப்பாளரிடம் அதைச் சொல்லி, செத்தவீட்டில் சொன்னதை எழுதிக் கையொப்பமிட்டுத் தர இயலுமா என்று கேட்டேன். அவர் ஓடாத கடிகாரத்தைக் கையில் எடுத்துத் துடைத்தார்.

"மாஸ்டர், மையத்து வீட்டில ஒரு பிள்ளைக்குச் சென்னத, கடதாசியில கேட்காதீங்க."

"அது உண்மைதானே நானா?"

"சென்ன சென்னதுதான்."

கையொப்பமிடவில்லை. அடுத்த ஆண்டு அவரும் போனார். திருத்தப் பக்கம் அச்சாகவில்லை. மலரின் மீதிப் படிகள் கழகத்தின் அலுமாரியில் உள்ளன. அவற்றில் அவருடைய போட்டிகள் இருபத்தாறு.

தெரியாதவை இவை. அன்று மாலை அந்தப் பொதுப்பெயரில் மேடையேறிய மனிதர் மூவருள் எவர் என்பது தெரியாது. நேரக் காப்பாளர் பெட்டியருகே சொன்னது சாட்சியமா, இரக்கமா என்பது தெரியாது. உலக சம்பியனுக்கு எப்போதாவது கொழும்பு நினைவுக்கு வந்ததா என்பது தெரியாது. மலர் வந்த நாளுக்கும் அவர் இறந்த நாளுக்கும் இடைப்பட்ட மாலைகளில், நான் அங்கில்லாதபோது, மகள் அந்தப் பட்டியலை அவருக்கு வாசித்தாள் என்று அயலவர் சொன்னார்கள். இருபத்தாறாக வாசித்தாளா, இருபத்தேழாக வாசித்தாளா என்பது எனக்குத் தெரியாது. நான் அவளிடம் கேட்டதில்லை.